லாரியில் பிறந்த குட்டியும் அசோகரின் ஆறு மாசக் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு பால் பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சென்னைக்கு வெளியே இருக்கிற ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருத்தர் வாரக்கடைசியில அங்க போய் உதவி செய்வார். "சும்மா வந்து பாருடா"ன்னு கூப்பிட்டார். போய் அரை மணி நேரம்கூட ஆகலை, என் கையில ஒரு பாட்டிலைக் கொடுத்து, காலுக்கு நடுவுல ஒரு வெள்ளாட்டுக் குட்டியை நிறுத்திட்டாங்க.

பத்து நாள் குட்டி. கறுப்பு உடம்பு, காது மட்டும் வெள்ளை. பேரு லோடு. ஏன் லோடுன்னா, அது பொறந்ததே ஆடு ஏத்திட்டுப் போன ஒரு லாரியில. அளவுக்கு மேல ஆடுகளை அடைச்சிருந்த வண்டி. வழியில நிறுத்திச் சோதனை போட்டு ஆடுகளை இறக்கினப்போ, கீழே ஈரத்தோட இந்தக் குட்டி கிடந்திருக்கு. சினை ஆடு ஒண்ணு அந்த நெரிசல்லயே ஈன்றிருக்கு. இறக்கின ஆடுகள்ல எது தாய்னு யாருக்கும் தெரியலை. எந்த ஆடும் இதைத் தன் குட்டின்னு தேடி வரவும் இல்லை.

அங்க வேலை பார்க்கிற அக்கா எனக்கு ஒரு குட்டி வகுப்பே எடுத்தாங்க. "தம்பி, குழந்தையை மல்லாத்திப் படுக்கவச்சுக் கொடுக்கிற மாதிரி கொடுத்துடாதீங்க. பால் நுரையீரலுக்குள்ள போயிடும். அது நிக்கணும், கழுத்து மேல நிமிரணும், தாய்கிட்ட முட்டிக் குடிக்கிற மாதிரி." நான் பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சேன். லோடு ஒரு முட்டு முட்டிச்சு. பாட்டில் என் தாடையில இடிச்சுது. வால் பம்பரம் மாதிரி ஆட ஆரம்பிச்சுது. நாலு நிமிஷத்துல பாட்டில் காலி. அப்புறம் என் மடியில ஏறி, சட்டை பட்டனை வாயில வச்சுக்கிட்டே தூங்கிடுச்சு.

நான் உருகிட்டேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

கிளம்பும்போது அந்த அக்கா ஒரு கேள்வி கேட்டாங்க. அந்தக் கேள்வியை எபிசோட் கடைசியில சொல்றேன். எனக்குச் சட்டுன்னு பதில் சொல்ல முடியலை. வீட்டுக்கு வந்து, மனுஷனும் ஆட்டுக்குட்டியும் எத்தனை காலமா ஒண்ணா இருக்காங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இன்னைக்குக் கதை.

முதல் அஞ்சு நிமிஷம்

ஏன் எந்த ஆடும் லோடுவைத் தேடி வரலை? அதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. 1964ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் க்ளாப்ஃபர் என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவும் ஈன்ற வெள்ளாடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குட்டி பிறந்ததும் அஞ்சு நிமிஷம் தாய்கிட்ட விட்டாங்க. தாய் நக்கும், மோந்து பார்க்கும். அதுக்கப்புறம் குட்டியைப் பிரிச்சு, சில மணி நேரம் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தாங்க. தாய் ஏத்துக்கிச்சு. இன்னொரு பக்கம், பிறந்த உடனே, தாய் மோந்து பார்க்கும் முன்னாடியே குட்டியை எடுத்துட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அதே குட்டியைக் கொண்டுவந்தா, பெரும்பாலான தாய்கள் முட்டித் தள்ளிடுச்சு. சொந்தக் குட்டியையே.

ஆக, ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்குத் தாய் கிடைக்கிறதும் கிடைக்காததும் பிறந்த முதல் சில நிமிஷத்துல முடிவாகுது. ஓடுற லாரியில, காலுக்கு அடியில, அந்த நிமிஷங்கள் லோடுவுக்குக் கிடைக்கலை.

இன்னொரு விஷயம். செம்மறிக் குட்டி பிறந்ததுல இருந்தே தாய் பின்னாடி ஓடும். வெள்ளாட்டுக் குட்டி அப்படி இல்லை. முதல் சில நாள் புதர் ஓரமா, கல் இடுக்குல சத்தம் போடாம ஒளிஞ்சு கிடக்கும். தாய் மேயப் போய்ட்டு வந்து பால் கொடுக்கும். நம்ம ஊர்ல குட்டிகளைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து வச்சிட்டுத் தாயை மட்டும் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போறாங்க இல்லையா? அந்தக் குட்டியோட இயல்புக்கு அது பொருந்திப் போற ஏற்பாடு. சாயங்காலம் தாய்கள் திரும்பி வரும்போது கேட்கிற சத்தத்தை ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க.

கஞ்ச் தாரே: செங்கல்லில் ஒரு குளம்பு

இப்போ பின்னாடி போவோம். ரொம்பப் பின்னாடி.

மேற்கு ஈரானின் ஸாக்ரோஸ் மலைப்பகுதியில் கஞ்ச் தாரே என்று ஒரு தொல்லியல் மேடு இருக்கிறது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி மனுஷங்க மண் வீடு கட்டிக் குடியிருந்த இடம். இன்னைக்கு உலகத்துல இருக்கிற வீட்டு வெள்ளாடுகள் பெசோவர் என்ற காட்டாட்டின் வழிவந்தவை. அந்தக் காட்டாட்டை மனிதர்கள் மந்தையாக வைத்து நிர்வகித்ததற்கான மிகப் பழைய தெளிவான சான்றுகளில் சில இங்கேதான் கிடைத்தன.

என்ன சான்று? எலும்பு. 2000ஆம் ஆண்டு மெலிண்டா ஸெடர், பிரையன் ஹெஸ்ஸி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'ஸயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே கிடைத்த ஆட்டெலும்புகளை ஆண், பெண் என்று பிரித்து, எந்த வயசில் செத்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வேட்டைக்காரன்னா கண்ணுக்குப் பட்ட பெரிய ஆட்டை அடிப்பான். இங்க அப்படி இல்லை. கிடாக்கள் இளசுலயே கொல்லப்பட்டிருக்கு. பெட்டைகள் நல்லா வளர்ந்து, பல ஈத்து ஈன்ற பிறகுதான் செத்திருக்கு. இது ஆடு வளர்க்கிறவனோட கணக்கு. குட்டி போடுற பெட்டையை வச்சுக்கோ, கூடுதலா இருக்கிற கிடாவை வெட்டு.

யோசிச்சுப் பாருங்க. வெள்ளாடு மனுஷனோட சேர்ந்துச்சு என்பதற்கு நமக்குக் கிடைச்ச ஆரம்பகால சாட்சியே இளம் கிடாக்களோட எலும்புதான். நம்ம லோடுவும் ஒரு கிடாக்குட்டி.

ஆனா அதே இடத்துல இன்னொரு தடயமும் இருக்கு. மண் செங்கல்லை வெயில்ல காய வச்சிருந்தப்போ, அது மேல ஆடுங்க நடந்திருக்கு. பிளவுபட்ட குளம்போட அச்சு ஈர மண்ணுல பதிஞ்சு, அப்படியே காய்ஞ்சு, பத்தாயிரம் வருஷம் இருந்திருக்கு. வீடு கட்ட வச்ச கல் மேல ஆடு ஏறித் திரியுதுன்னா, அது ஆளுங்களுக்கு நடுவுல புழங்கியிருக்கு. யாரோ ஒருத்தர் "ஏய், போ அந்தாண்ட"ன்னு விரட்டியிருப்பாங்க. இது என் கற்பனைதான். ஆனா ஆடு வளர்த்த எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை.

1865ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் ஒரு கருத்து சொன்னார். காட்டு மிருகங்களின் குட்டிகளைப் பிடித்து வந்து செல்லமாக வளர்த்த பழக்கத்திலிருந்துதான் கால்நடை வளர்ப்பே பிறந்தது என்றார். ஆட்டு விஷயத்துல ஆய்வாளர்கள் இன்னைக்கு வேற பாதையைச் சொல்றாங்க. வேட்டையாடின மந்தையையே மெல்ல மெல்லக் கட்டுப்படுத்தி, தன் பக்கத்துல வச்சுக்கிட்டாங்கன்னு. ஆனா பாதை எதுவா இருந்தாலும், தாய் செத்துப்போன குட்டி ஒண்ணு கத்திக்கிட்டு நிக்கிற நாள் அந்தக் கிராமத்துலயும் வந்திருக்கும். அப்போ யாராவது ஒருத்தர் கையைக் கழுவாம எழுந்திருச்சிருப்பாங்க.

அம்மாச்சி வீட்டுக் கன்னி ஆடு

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன். ஏன்னா எலும்புக் கணக்கைக் கேட்டுட்டு, "வளர்த்தவனே வெட்டறானே, கல்நெஞ்சக்காரன்"னு நீங்க நினைக்கலாம். நானும் சின்ன வயசுல நினைச்சேன்.

எங்க அம்மாச்சி ஊர் விருதுநகர் பக்கம். அம்மாச்சிகிட்ட அஞ்சாறு கன்னி ஆடு இருந்துச்சு. கறுப்பு உடம்பு, முகத்துல ரெண்டு வெள்ளைக் கோடு. அதுக்குப் பால்கன்னின்னு பேரு. கோடு செம்பழுப்பா இருந்தா செங்கன்னி. ஒரு ஈத்துல மூணு குட்டி விழுந்து, தாய்க்குப் பால் பத்தலைன்னா, அம்மாச்சி பழைய துணியை நனைச்சுப் பால் புகட்டுவாங்க. குட்டி குளிர்ந்துபோய்க் கிடந்தா, முதல்ல அடுப்புப் பக்கத்துல வச்சுச் சூடேத்துவாங்க, அப்புறம்தான் பால். காப்பகத்து அக்கா சொன்னதும் அதேதான். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது, சூடு வந்த பிறகுதான் கொடுக்கணும்னு. ஈன்ற உடனே சீம்பால் உள்ள போகணும்கிறதுல அம்மாச்சி ரொம்பக் கண்டிப்பு. அதுலதான் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே கிடைக்குதுன்னு இன்னைக்கு டாக்டருங்க சொல்றாங்க.

அப்படி வளர்த்த கிடாவை ஒரு ஜூன் மாசம் வியாபாரிக்குக் கொடுத்தாங்க. எங்க மாமாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். வியாபாரி கயித்தைப் பிடிச்சதும் கிடா அம்மாச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு. அம்மாச்சி அடுக்களைக்குள்ள போய்ட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க சாப்பிடலை.

ஏழையின் பசுன்னு வெள்ளாட்டைச் சொல்வாங்க. அவசரத்துக்கு உடைக்கிற உண்டியலும் அதுதான். எங்க அம்மாச்சிக்குப் பாசம் கம்மின்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தப் பாசத்துக்குப் பக்கத்துலயே ஒரு கணக்கு நின்னுச்சு. கஞ்ச் தாரேல நின்ன அதே கணக்கு. அதை மாத்தணும்னா, வேற யாராவது அந்தச் செலவைத் தலையில தூக்கிக்கணும். இனிமே நான் சொல்லப்போறது அப்படித் தூக்கிக்கிட்டவங்களோட கதை.

அசோகரின் ஆறு மாசம்

டெல்லியில் ஃபெரோஸ் ஷா கோட்லா என்ற பழைய கோட்டைக்குப் போயிருக்கீங்களா? அங்க உச்சியில ஒரு கல் தூண் நிக்குது. ஹரியானாவின் தோப்ரா என்ற ஊரில் இருந்ததை 14ஆம் நூற்றாண்டில் ஃபெரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார். அதில் இருந்த எழுத்து அப்போது யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. 1837ல்தான் ஜேம்ஸ் பிரின்செப் அந்தப் பிராமி எழுத்தைப் படித்தார். அது அசோகர் வெட்டி வைத்த கல்வெட்டு.

அதில் ஐந்தாவது சாசனம் பெரும்பாலும் விலங்குகளைப் பற்றியது. முடிசூடி 26 ஆண்டுகள் ஆன பிறகு, அதாவது கி.மு. 243 வாக்கில் எழுதியது. கொல்லக் கூடாத உயிர்கள் என்று ஒரு நீளமான பட்டியல் வருகிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை, அணில் என்று போகும். அந்தப் பட்டியல் முடியிற இடத்துல நம்ம ஆளு வர்றார். சினையாக இருக்கும், அல்லது குட்டிக்குப் பால் கொடுக்கும் வெள்ளாடு, செம்மறி, பன்றி இவற்றைக் கொல்லக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும் கொல்லக் கூடாது.

முதல்முறை இதைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சுது. 2,200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பேரரசர், பால் குடிக்கிற ஆட்டுக்குட்டிக்கு வயசுக் கணக்குப் போட்டுக் கல்லுல வெட்டி வச்சிருக்கார்.

ஆனா கவனிங்க. அவர் ஆட்டுக்கறியையே தடை செய்யலை. ஆறு மாசம் தாண்டின கிடாவைப் பத்தி இந்த வரி ஒண்ணும் சொல்லலை. அரண்மனைச் சமையலறையைப் பத்திப் பாறைச் சாசனத்துல அவரே வெளிப்படையா எழுதியிருக்கார். முன்னாடி தினமும் லட்சக்கணக்கான உயிர்கள் குழம்புக்காகக் கொல்லப்பட்டுச்சு, இப்போ ரெண்டு மயிலும் ஒரு மானும்தான், அந்த மானும் எப்பவும் இல்லை, இனிமே அதுவும் நின்னுடும்னு. ஒரே நாள்ல மாறிட்டேன்னு பொய் சொல்லாத மனுஷன்.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு தொடர்பு உண்டு. அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம் மனிதருக்கும் விலங்குகளுக்கும் என்று இரண்டு வகை மருத்துவ ஏற்பாடுகளைப் பேசுகிறது. தன் நாட்டில் மட்டுமில்லாமல் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு என்கிறது. தமிழ்நாட்டு அரசர்களைப் பெயர் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று, ஆடு மாட்டு வைத்தியத்தைப் பற்றியும் பேசுதுங்கறது எனக்குப் பிடிச்ச தகவல்.

அதே டெல்லித் தூணில் ஏழாவது சாசனமும் இருக்கு. அதுல அசோகர் தன் வேலையைத் தானே மதிப்பிடறார். மக்களை நல்வழிக்குக் கொண்டுவர ரெண்டு வழி வச்சிருந்தேன், ஒண்ணு சட்டம், இன்னொண்ணு மனசுல படும்படி எடுத்துச் சொல்றது, சட்டத்தால நடந்தது கொஞ்சம்தான்னு ஒத்துக்கறார். சட்டத்துக்கு அவர் காட்டுற உதாரணமே விலங்குகளைக் கொல்லக் கூடாதுன்னு போட்ட விதிதான்.

ஒரே பத்தாண்டில் இரண்டு காட்சிகள்

அடுத்து 1580கள். ரெண்டு பேர் ரெண்டு மூலையில இருந்து எழுதினதைச் சொல்றேன்.

முதல் ஆள் மோந்தேய்ன். பிரான்ஸின் தென்மேற்கில் வாழ்ந்த எழுத்தாளர். கட்டுரை என்ற வடிவத்துக்கே அவர்தான் பேர் வச்சார். 1580ல் முதல் தொகுப்பு வந்தது. அதில் தன் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்கிறார். தாய்ப்பால் இல்லாத கிராமத்துப் பெண்கள் குழந்தைக்கு வெள்ளாட்டைப் பால் கொடுக்க வைப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆடு குழந்தையின் அழுகுரலைக் கண்டுபிடித்து ஓடிவரும். வேறு குழந்தையை வைத்தால் பால் கொடுக்காது. நம்ம கையில பாட்டில் இருக்கு, குட்டி குடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அங்க குழந்தை குடிச்சுது, ஆடு ஓடி வந்துச்சு.

இரண்டாவது ஆள் ரால்ஃப் ஃபிட்ச். லண்டன் வியாபாரி. 1583ல் கப்பலேறி, இந்தியா முழுக்கச் சுற்றி, பர்மா வரைக்கும் போய், 1591ல் ஊர் திரும்பினார். வங்காளத்துக்கு வடக்கே இருந்த கூச் நாட்டுக்கு, இன்றைய கூச் பெஹார் பக்கம், அவர் போனபோது பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அங்கே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் பறவைக்கும் மருத்துவமனைகள் இருந்தன. கிழடாகி, நொண்டியாகிப் போனாலும் சாகும்வரை வைத்துக் காப்பாற்றினார்கள். யாராவது வெளியூரில் உயிரோடு ஒரு பிராணியைப் பிடித்தோ வாங்கியோ கொண்டுவந்தால், காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி சொல்றேன். வெள்ளாட்டை, சாகும்வரை, காசு கொடுத்து வாங்கி வச்சுக் காப்பாத்தினாங்க. 1580களில். இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல ஆட்டுக்குட்டிக்குப் பாட்டில் பால் கொடுக்கிற ரீல்ஸ் பார்த்து, இது ஏதோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்ச விஷயம்னு நினைக்கிறவங்க ஃபிட்ச் எழுதினதைப் படிக்கணும். அந்த வெளிநாட்டுக்காரர் இங்க வந்து வாயைப் பிளந்திருக்கார்.

அயனாவரத்திலிருந்து மாநிலங்களவை வரை

இந்த மரபுக்கு மேற்கு இந்தியாவில் பிஞ்சராபோல் என்று பெயர். குஜராத் ஊர்களில் சமண, வைணவ வியாபாரிகள் நடத்தியவை. அதுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னா, வியாபாரத்துல இருந்து. ஒவ்வொரு சரக்கு பேரத்திலும் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கும் வழக்கத்தை வியாபாரிச் சங்கங்கள் தங்களுக்குள் வைத்திருந்தன. இரக்கப்பட்டா போடு, இல்லைன்னா விடுங்கற உண்டியல் இல்லை அது. மாசாமாசம் தீவனத்துக்குக் காசு வரும் ஏற்பாடு.

1832ல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேய அரசு உத்தரவிட்டபோது பெரிய கலவரமே நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1834ல் பார்சி வியாபாரி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வியாபாரி மோதிசந்த் அமிசந்தும் சேர்ந்து பம்பாய் பிஞ்சராபோலை ஆரம்பித்தார்கள். 1906ல் சென்னைக்கும் ஒன்று வந்தது. அயனாவரம் கொன்னூர் ஹை ரோடுல பஸ்ல போனவங்க அதைத் தாண்டிப் போயிருப்பீங்க. மெட்ராஸ் பிஞ்சராபோல் இன்னைக்கும் இயங்குது. பெரும்பாலும் மாடுகள்.

சட்டத்தோட கதையிலயும் ஒரு சென்னைக்காரர் இருக்கார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், விலங்குகளை வதைப்பதற்கு எதிராக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக 1960ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல பத்தாண்டுகள் அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

அந்த 1960 சட்டத்தின்கீழ் 2001ல் இறைச்சிக்கூடங்களுக்கு விதிகள் வந்தன. அதில் ஒரு விதி சொல்கிறது: சினையாக இருக்கும் விலங்கை வெட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி வைத்திருக்கும் தாயை வெட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் வெட்டக் கூடாது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு இல்ல? சினை, பால் கொடுக்கும் தாய், குட்டி. அசோகர் தூணில் இருந்த அதே மூணு பேர். 2,200 வருஷம் கழிச்சு அதே பட்டியல் திரும்ப வருது. அவர் கொடுத்தது ஆறு மாசம். நம்ம காலத்துல அது மூணு மாசம்.

லோடுவோட அம்மா சினையா இருந்தப்போதான் லாரியில ஏத்தப்பட்டிருக்கு. விதி இருக்கு. ஏத்துற இடத்துல வயித்தைத் தடவிப் பார்க்க ஒரு ஆளும் இருந்திருந்தா, லோடுவுக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைச்சிருக்கும்.

வயசான ஆடு எப்படி இருக்கும்?

இன்னைக்கு நாம காப்பகம்னு சொல்ற வகை, அதாவது பண்ணை விலங்குகளை இறைச்சிச் சந்தையிலிருந்து மீட்டு வைக்கும் இடம், உலகம் முழுக்கப் பரவினதுக்கு ஒரு செம்மறி காரணம். 1986ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஒரு கால்நடைச் சந்தைக்குப் பின்னால் செத்த பிராணிகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில் ஜீன் பாவர் என்ற இளைஞர் நின்றுகொண்டிருந்தார். குவியலில் ஒரு செம்மறி தலையைத் தூக்கிப் பார்த்தது. உயிர் இருந்தது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். அது எழுந்து நின்றது. ஹில்டா என்று பேர் வைத்தார்கள். பாவரும் லோரி ஹூஸ்டனும் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி என்ற அமைப்பு மீட்ட முதல் பிராணி ஹில்டாதான். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல வாழ்ந்துச்சு. ஆரம்பத்துல தீவனச் செலவுக்கு அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவோட கச்சேரி நடக்கிற இடத்துல வேனை நிறுத்தி, சைவ ஹாட்டாக் வித்தாங்க.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வெள்ளாட்டுக்கென்றே பட்டர்கப்ஸ் என்று ஒரு காப்பகம் இருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆட்டின் மனசைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. அலன் மெக்எலிகாட் என்ற ஆய்வாளரின் குழு அங்கே பல சோதனைகள் செய்தது. மூடியைத் திறக்க முடியாத உணவு டப்பா முன்னாடி நிற்கும் ஆடு, பக்கத்திலிருக்கும் மனிதரைப் பார்க்கும். அவர் முகம் தன் பக்கம் இருந்தால் இன்னும் கூடுதலாகப் பார்க்கும். "கொஞ்சம் திறந்து கொடேன்"னு கேட்கிற மாதிரி. இது 2016ல் வந்த கட்டுரை. 2018ல் இன்னொன்று: ஒரே ஆளின் சிரித்த முகப் படத்தையும் கோப முகப் படத்தையும் மாட்டி வைத்தால், ஆடுகள் சிரித்த முகத்துக்கிட்டதான் அதிகம் போகுது.

எனக்கு மனசுல நின்னது 2013ல் வந்த ஆய்வு. முன்னாடி மோசமா நடத்தப்பட்டு மீட்கப்பட்ட ஆடுகளையும், எப்பவும் நல்லா இருந்த ஆடுகளையும் ஒப்பிட்டாங்க. உணவு இருக்குமா இருக்காதான்னு சந்தேகமான ஒரு வழியைக் காட்டினா, ஆடு நம்பிக்கையோட வேகமாப் போகுதா, தயங்குதான்னு அளந்தாங்க. காப்பகத்துல சில வருஷம் நல்லா இருந்த பிறகு, கஷ்டப்பட்ட ஆடுகள் மத்ததைவிட மோசமா இல்லை. கஷ்டப்பட்ட பெட்டைகள் மத்தப் பெட்டைகளைவிட நம்பிக்கையாவே இருந்துச்சு.

இதையெல்லாம் கண்டுபிடிக்க முடிஞ்சது ஏன்னா, அந்த ஆடுகள் அத்தனை வருஷம் உயிரோட இருந்துச்சு. பத்தாயிரம் வருஷமா நம்ம கூட இருக்கிற பிராணி. ஆனா வயசான கிடா எப்படி இருக்கும்னு பார்த்தவங்க ரொம்பக் குறைவு. நல்லபடியாப் பார்த்துக்கிட்டா வெள்ளாடு 15 வருஷம்கூட வாழும்.

அந்த அக்காவின் கேள்வி

சரி, காப்பகத்துக்குத் திரும்பி வருவோம்.

லோடு என் மடியில தூங்கினதும் நான் பண்ணின முதல் காரியம், ஃபோனை எடுத்து செல்ஃபி. ரெண்டாவது, "அக்கா, இவனை எப்பவும் இப்படிக் கையிலயே வச்சுக் கொஞ்சலாமா?"ன்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "வேண்டாம் தம்பி. நம்மளையே அம்மான்னு நினைச்சு வளர்ந்த கிடா, பெருசானதும் நம்மளையே இன்னொரு கிடான்னு நினைச்சு முட்டும். பால் மட்டும் நாம கொடுக்கணும். மத்த நேரம் குட்டிங்களோட விட்டுடணும். அது ஆடா வளரணும்."

எனக்கு அது கொஞ்சம் வலிச்சுது. அப்புறம் புரிஞ்சுது. என் சந்தோஷத்துக்காக அதை மடியிலயே வச்சிருந்தா, அது தன் கூட்டத்தைக் கத்துக்கவே கத்துக்காது.

கிளம்பறப்போ அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, மறுபடி எப்போ வருவீங்க?"

சாதாரணமாத்தான் கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்பாங்க போல. எனக்கு ஏன் தொண்டையில நின்னுச்சுன்னா, நான் மனசுல கணக்குப் போட்டுட்டேன். எனக்கு இப்போ 27. லோடு முழு ஆயுசும் இருந்தா, அது போறப்போ எனக்கு 42. அதுவரைக்கும் ஒன்றரை, ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை அதுக்குக் குளம்பு வெட்டி விடணும். பூச்சி மருந்து, தடுப்பூசி, தினமும் தீவனம். பல் தேய்ஞ்சு போச்சுன்னா மெல்ல முடியாது, ஊறவச்சுக் கொடுக்கணும். மூட்டு வலி வரும். ரீல்ஸ்ல வராத வருஷங்கள் எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும்.

குட்டியைப் பார்த்தா மனசு இளகறது எல்லா காலத்துலயும் இருந்திருக்கு. கஞ்ச் தாரேல இருந்திருக்கும். எங்க அம்மாச்சிகிட்ட நிறையவே இருந்துச்சு. குட்டி கடைசி வரைக்கும் பிழைச்ச இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தீங்கன்னா, அங்க இளகின மனசோட கூட இன்னொண்ணும் இருந்திருக்கு. கூச் நாட்டுல காசு கொடுத்து வாங்கினாங்க. பம்பாய்ல பேரத்துல பங்கு ஒதுக்கினாங்க. பென்சில்வேனியாவுல ஹாட்டாக் வித்தாங்க. எங்க மாமாவோட காலேஜ் ஃபீஸை வேற யாராவது கட்டியிருந்தா, அம்மாச்சி அந்தக் கயித்தைக் கையைவிட்டுக் கொடுத்திருக்கவே மாட்டாங்க.

அன்னைக்கு நான் அக்காகிட்ட "வர்றேன்க்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். தேதி சொல்லலை. இந்த எபிசோடுக்காகப் படிச்சு முடிச்ச பிறகு ஃபோன் பண்ணினேன். மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, காலையில ஏழு மணிக்கு, குளம்பு வெட்டக் கத்துக்க வர்றேன்னு சொல்லியிருக்கேன். லோடுவோட ஒரு மாசத் தீவனச் செலவையும் ஏத்துக்கிட்டேன். அடுத்த மாசமும் ஏத்துக்கணும். அதுக்கடுத்த மாசமும்.

போன வாரம் போனேன். லோடு இப்போ இலை கடிக்க ஆரம்பிச்சாச்சு. என்னைப் பார்த்துச்சு, ரெண்டடி ஓடி வந்துச்சு, சட்டை பட்டனை மோந்து பார்த்துச்சு. அப்புறம் மத்தக் குட்டிங்க திண்ணை மேல ஏறினதைப் பார்த்துட்டு, என்னை விட்டுட்டு ஓடிடுச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.